தோணியின் மற்றப் பாதி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு விளங்காது. மண்புழு ராத்தா, அதாவது மண்புழு அக்கா, என்றால்தான் தெரியும். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைக்குப் போகிற ரோட்டில் நின்று கேட்டால், சைக்கிளில் போகிறவர்கூட இறங்காமலே கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார். அது அந்த நாளில். இப்போது கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவருக்குத் திருப்பி அனுப்ப வராது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாழைப்பழத் தோலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு மரக்கறிக் கடைக்காரர் அழுகின பூசணியோடு வருவார். தேநீர்க் கடையிலிருந்து தேயிலைச் சக்கை ஒரு வாளி வரும். பக்கத்து வீட்டு உம்மா ஒரு பிடி வெங்காயத் தோலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஏதோ நகை கொடுக்கிற மாதிரி நீட்டுவார். ராத்தா இரண்டு கையாலும் வாங்குவார். "கொண்டாங்க, அதுக்கும் ஒரு வாய் இரிக்கி" என்பார். அந்த வாயெல்லாம் தோணிக்குள் இருந்தன.

தோணி என்பது மெய்யாகவே தோணி. சாய்ந்தமருதுக் கடற்கரையில் அடி வெடித்துக் கிடந்த பைபர் தோணி. அதையும் யாரோ "வேணுமா ராத்தா?" என்று விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றுவிட்டார். கேட்டவர் பாவம், வாய் தவறிய குற்றத்துக்கு அதைக் குறுக்கே இரண்டாக அறுத்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்க வேண்டியதாயிற்று. இரண்டு பாதியையும் பூவரசு நிழலில் கட்டைக் கால்கள் மேல் வைத்து, அறுத்த வாயைப் பலகையால் அடைத்து, மேலே கிடுகு வேய்ந்திருந்தார். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய மீன் தகரப் பேணிக்குள் நின்றது. தோணிக்குள் சேருகிற தண்ணீரை வடிய விடுவதற்கு அடியில் ஒரு துவாரம் இருக்குமே, அது வழியாக இப்போது கறுத்த சாயத்தண்ணி சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழும். ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து அதைத்தான் கத்தரிக்கு ஊற்றுவார்.

புழு வந்த கதை சின்னது. பெண்களுக்கென்று யாரோ நடத்திய வகுப்பில் இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு பிடி சிவந்த புழு கொடுத்தார்கள். சிலருடையதை எறும்பு தின்றது. சிலருடையதைக் கோழி தின்றது. ஒரு வீட்டில் மாமி அருவருத்துப்போய் வாய்க்காலில் கொட்டிவிட்டார். ராத்தாவின் ஒரு பிடி மட்டும் தோணி நிறையப் பெருகியது.

சாம்பல் போட்டுக் கோப்பை கழுவுவார். தொழுகைக்கு ஒழு எடுக்கிற தண்ணீரைக்கூடப் பேசினுக்குள் பிடித்து வாழைக்கு ஊற்றுவார். எருவை எடுக்கிற நாளில் வெயிலில் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டுவார். வெளிச்சத்துக்குப் பயந்து புழுவெல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே உள்ளதை விரலால் வழித்து எடுப்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வழிப்பார். அரிதட்டு வாங்கித் தரட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "அதுகள் இறங்கிப் போகட்டும் தம்பி, என்ன அவசரம்?" என்றார். எனக்கும் அந்த நாளில் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. நான் ஓட்டோக்காரன். நாட்டிலேயே பெற்றோல் இல்லாத வருசம், ஓட்டோ வீட்டு முற்றத்தில் கிடந்தது. என் மனைவியின் வீட்டு வேலிக்குப் பின்னால்தான் அவர் வளவு. விடிந்தால் அங்கே போய்க் குந்திவிடுவேன். வெறுந்தேத்தண்ணியும் அவித்த வத்தாளங்கிழங்கும் கிடைக்கும். அந்த வருசம் பல காலைகளில் என் வயிற்றில் போனது அது மட்டும்தான்.

ஒரு முறை எதிர்வீட்டார் நாற்றமென்று முறைப்பாடு செய்து சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மூக்கில் கைலேஞ்சியோடு வந்தார். ராத்தா தோணிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். மனுசன் பின்வாங்கினார், பிறகு மோந்தார், பிறகு கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகும்போது அவர் மோட்டார் சைக்கிளில் ஒரு பை எரு தொங்கியது. வீட்டில் அந்தூரியம் வளர்க்கிறாராம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாததும் இருந்தது. யாரோ வேண்டுமென்றே ஒரு சாக்கு நிறையப் பிள்ளைகளின் அழுக்குப் பம்பர்ஸைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "ராத்தா, இதுக்கும் வாய் இரிக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். அவர் அதையும் உள்ளே இழுத்தார். மத்தியானம் முழுக்க வெயிலில் நின்று வாழைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தார். இளைய மகள் அழுதாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் புழு என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"உம்மா, வேணாண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்களேன். ஒரே ஒரு சொல்லு."

"வருகுதில்ல மகள்."

ஏன் வருவதில்லை என்று நானும் ஒரு நாள் கேட்டேன். ஏதாவது கதை இருக்கும் என்று நினைத்தேன். "தெரியா தம்பி. சின்னதுலேருந்து அப்பிடித்தான்" என்றார். அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே அவர் கொடுத்த கிழங்கையும் தின்றேன்.

அந்த வளவு அவருடையது இல்லை. அதுதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர். வாப்பா விட்டுப்போன மேட்டுக்காணி, அரை ஏக்கர், பங்கு பிரிக்காதது. ராத்தாவுக்கு ஒரேயொரு காக்கா, கூடப்பிறந்த அண்ணன். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா இல்லாத வீட்டில் காக்காதான் அதைச் செய்தார். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார், அதுவே அவர் பங்கு என்று பேச்சு. ஒரு வருசம் ஆகவில்லை, சுனாமி வந்தது. அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் ராத்தா இந்தக் காணிக்கு வந்து ஓர் அறையும் குசினியும் போட்டுக்கொண்டு இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் கட்டாருக்குப் போனார், முதலில் கோல் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. அவ்வளவுதான் அவரைப் பற்றி.

இப்போது காக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை பக்கம் வீடு கேட்டார்கள். காக்காவுக்கு வீடு கட்ட இருந்த ஒரே மேடு இதுதான். பாதியில் வீடு, மீதியை விற்று அந்த வீட்டுக்குச் செலவு என்பது அவர் கணக்கு. ஒரு நாள் வந்து பூவரசின் கீழே கதிரையில் உட்கார்ந்து நேராகவே சொன்னார். நான் வேலிக்கு அருகில் நின்றேன்.

"நான் ஒருக்கா ஒனக்கு வீடு கட்டித் தந்தவன். கடல் எடுத்ததுக்கு நான் என்ன செய்யிற? நீயே சொல்லுகா."

"நான் ஒண்டும் சொல்லல்ல காக்கா. இந்த மண்ணுல நாங்க மூணு பேரும் சாப்பிடுறம். அதத்தான் சொல்றன்."

"சாப்பிடுற? உரமில்லாம முழு ஊரும் காஞ்சி கிடக்கு. ஒண்ட கத்தரி மட்டும் காய்க்குமா?"

"காய்க்கும்."

அவர் தங்கையை நெடுநேரம் பார்த்தார். கல்நெஞ்சுக்காரர் இல்லை. "சரி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு ரெண்டு மாசம் தாறன். மாரி மழைக்கு முன்னுக்கு மண் கொட்டோணும், அதுக்குப் புறகு ட்ரெக்டர் இறங்க ஏலா. நான் வந்து பார்ப்பன். இந்தக் காணி ஒன்னையும் புள்ளைகளையும் சாப்பாடு போட்டு வெச்சிக்கும்ண்டு என்ட கண்ணுக்குத் தெரிஞ்சா, நான் வேற வழி பார்ப்பன். இல்லாட்டி, நீ என்னக் குறை சொல்லப்படா" என்றார்.

அன்றிலிருந்து ராத்தா அந்தத் தோணியைப் பார்த்த பார்வையே வேறு. எங்கள் பக்கத்து மண் வெறும் மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. யூரியாச் சாக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் எதுவும் காய்த்தது. அரசாங்கம் உரத்தை நிறுத்திச் சாக்கு நின்றதும் எல்லார் தோட்டமும் மஞ்சள் பூத்தது. ராத்தாவின் கத்தரி மட்டும் பச்சையாக நின்றது. ஆனால் அரை ஏக்கருக்கு எரு போதாது. நாற்றெல்லாம் நட்டாகிவிட்டது. இன்னும் இருபது இருபத்தைந்து சாக்கு வேண்டும், அதுவும் பூக்கிறதுக்கு முன்னால். புழுவுக்குத் தீன் வேண்டும். நல்ல தீன். சாணிக்கு மேல் நல்ல தீன் புழுவுக்கு இல்லை. அந்த நாளில் சாணியைக்கூட யாரும் சும்மா விடவில்லை, எல்லாரும் வயலுக்கு அள்ளினார்கள்.

அங்கேதான் நான் வந்தேன்.

ஓட்டோ ஓடாததால் ஒரு மாட்டு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெருநாளில் குர்பான் அறுக்கிறவர்களுக்காக உள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த பதினெட்டு மாடுகளை ஒரு வெறும் வளவில் கட்டி வைத்திருந்தார். தண்ணீர் காட்டுவது, வைக்கோல் போடுவது, காவல் இருப்பது என் வேலை. வந்த மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. வந்த அன்றே வியாபாரி ஒரு மருந்துப் போத்தலைத் தந்தார். ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, மருந்தை ஊற்றினேன். பதினெட்டுக்கும் நானே ஊற்றினேன். என்ன மருந்து என்று கேட்கவில்லை. மாடு தேறுகிறதற்கு என்றார்கள், ஊற்றினேன்.

பிறகு சாணி விழ விழ யூரியாச் சாக்கில் அள்ளி, சைக்கிள் கரியரில் கட்டி, ராத்தாவிடம் கொண்டுபோனேன். முதல் சாக்கை இறக்கியபோது அவர் முகம் இருந்த விதத்தை என்னால் எழுத முடியவில்லை. சந்தோசம் என்று எழுதினால் குறைந்துவிடும். "தம்பி, ஒங்களுக்கு அல்லாஹ் றஹ்மத் செய்யட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பெரிய மனுசனாகிவிட்ட மாதிரி நின்றேன். தின்ற கிழங்குக்கெல்லாம் பதில் செய்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. பன்னிரண்டு சாக்கு கொண்டுபோனேன்.

புதுச்சாணி சூடு. அப்படியே போட்டால் புழு வெந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நிழலில் பரப்பி, தண்ணீர் தெளித்து, நாளுக்கு இரண்டு தடவை புரட்டி, பத்து நாள் ஆறப்போட்டார். முழங்கை வரை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார். கைக்குழந்தைக்குத் தண்ணீர் வார்க்கப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். ஒரு பிழையும் விடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

பெருநாள் வந்து போனது. அந்த வருசம் ஆட்களிடம் வசதி இல்லை. பதினெட்டில் ஏழு மாடு விலைபடாமலே நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கலியாண வீட்டிலிருந்து சஹன் தட்டுகளில் மிஞ்சிய சோறு ஒரு பானை வந்தது. உப்பும் நெய்யும் புழுவுக்கு ஆகாது என்று மூன்று தண்ணீரில் அலசினார். அதையும், ஆறின சாணியில் பாதியையும், தோணியின் முதல் பாதிக்குப் போட்டார். மற்றப் பாதிக்கு அன்றைக்கு வெறும் வாழைத்தண்டும் வேலிக் கிளிசரியா இலையும்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வேலி தாண்டி வந்ததே இல்லை. தலையில் போட்ட முக்காடு சரிந்து கிடந்தது, அதைச் சரிசெய்யக் கை சும்மா இல்லை. இரண்டு கையையும் சேர்த்து எதையோ ஏந்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க."

உள்ளங்கையில் புழு. வெளிறி, உப்பி, அவித்த இடியப்பம் மாதிரிக் கிடந்தது. தொட்டால் கரைந்தது.

"முழுக்கச் செத்துப் பெய்த்து. ஒரு பாதி முழுக்க. நேத்து விளிம்புல ஏறி ஏறி வந்திச்சி. நான் நெனச்சன் மழைக்கு ஏறுதுண்டு. இண்டைக்கு மேல இருந்த சாக்க எடுத்துப் பார்க்கன், ஒண்டும் அசையுதில்ல."

"எதால ராத்தா?"

"அந்தச் சோறுதான். மூணு தண்ணியில கழுவினன். நாலாவது கழுவல்ல. நாலாவது கழுவியிருக்கோணும். எனக்குக் கை வலிச்சிச்சி தம்பி, விட்டுட்டன்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "மத்தப் பாதி நல்லா இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ். அது போதும். அதுல இருந்து திருப்பிப் பெருக்கலாம். எருவும் இருவது நாளையில எடுக்கலாம். மட்டுமட்டாச் சரி வரும்."

நான் போய்ப் பார்த்தேன். மற்றப் பாதியில் சாக்கைத் தூக்கியதும் சிவப்பாக நெளிந்து கலைந்தன. சரி வரும் என்றுதான் எனக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் வியாபாரி மறுபடி அந்தப் போத்தலை என் கையில் தந்தார். விலைபடாமல் நின்ற ஏழு மாட்டுக்கும் இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.

"போன முறை குடுத்தது காணாது போல. நல்லா ஊத்து. வயித்துப் புழு முழுக்கச் செத்துச் சாணியோட விழோணும். அப்பதான் மாடு சதை போடும்" என்றார்.

போத்தலை வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது. கூட வேலைக்கு நின்று மாட்டின் வாயைப் பிடித்திருந்தவன் "என்னடா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். ஊற்றினேன். ஏழுக்கும் ஊற்றிவிட்டுக் கிணற்றடியில் போய்க் குந்தினேன். புழுவைக் கொல்கிற மருந்தை வாயால் ஊற்றி, மறுபக்கம் வந்ததைச் சாக்கில் கட்டி, புழு வளர்க்கிற மனுசிக்குப் பரிசு மாதிரிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். மாடு வளர்க்கிறவனுக்கும் இது தோன்றாது, புழு வளர்க்கிறவருக்கும் தோன்றாது. இரண்டு பக்கமும் போய்வந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் வளவுக்கும் அந்தக் கிணற்றடிக்கும் சைக்கிளில் ஐந்து நிமிசம். ஐந்து நிமிசம் மிதித்துப்போய் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. சொன்னால் அந்த முகம் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அந்த வருசத்தில் என்னை ஒரு மனுசனாகப் பார்த்த முகம் அது ஒன்றுதான். சும்மா போய்ச் சொல்வதை விட, கையில் எதையாவது கொண்டுபோய்ச் சொன்னால் நல்லது என்று என் புத்தி எனக்கே வழி சொல்லிக் கொடுத்தது. பொத்துவில் பக்கம் ஒருவர் அறுகம்பை ஹோட்டல்களுக்கு மரக்கறி போடுகிறார், அவரிடம் இந்தப் புழு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். புதன்கிழமை விடிய பஸ்ஸுக்கு நின்றேன். மனைவியிடம்கூட ஏன் போகிறேன் என்று சொல்லவில்லை.

டீசல் இல்லாத காலம். போவதற்கே ஒரு நாள் முழுக்கச் சென்றது. அந்த மனுசன் நல்லவர், வியாழக்கிழமை முழுவதும் என்னோடு குந்தியிருந்து பொறுக்கித் தந்தார். ஒரு பால்மாப் பேணி நிறையப் புழு. ஈரச் சாக்கால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு, நெரிசலில் நின்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்தில் வந்து சேர்ந்தேன். நேரே வளவுக்குத்தான் போனேன். என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நடந்தேன்.

ராத்தா தோணிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகள் ஒரு சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் இருபது முப்பது புழு. அதில் அசைந்தது எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

"மத்தப் பாதியும் பெய்த்து தம்பி" என்றார்.

நான் பேணியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். எங்கிருந்து, எப்படி என்று கேட்டார். சொன்னேன். எனக்காகத் துஆக் கேட்டார். மற்றப் பாதி எப்படிச் செத்தது என்று நான் கேட்கவில்லை. முதலிலேயே உள்ளே நஞ்சு பரவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காமல் இருப்பதில் ஒரு வசதி இருந்தது.

ஒரு பேணிப் புழு எருவாக மாறுவதற்கு எத்தனை மாதம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் பேணியைத் தோணிக்குள் கவிழ்த்து, வாழைத்தண்டை அரிந்து போட்டு, ஒவ்வொரு நாளும் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கத்தரி பூத்தது. பூ உதிர்ந்தது. இலை கீழேயிருந்து மஞ்சளாகி ஏறியது. மீன் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், சாம்பல் என்று இருந்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தார். உச்சி வெயிலில் பனங்கடகத்தில் வயல் வாய்க்கால் சேற்றைச் சுமந்து வந்து ஒவ்வொரு மூட்டிலும் வைத்தார். கால் வெடித்து இரத்தம் வந்தது. நானும் சுமந்தேன். வாயைத் திறக்காமல் சுமந்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் செய்த வேலையை என் வாழ்நாளில் செய்ததில்லை. அதெல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு ஈடாகவில்லை.

காக்கா சொன்ன நாளுக்கு வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். குனிந்து ஒரு காயைப் பறித்தார். சின்னத் தேசிக்காய் அளவுதான் இருந்தது, அதிலும் பூச்சி ஓட்டை. அதை எறியவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"புழு செத்துப் பெய்த்து காக்கா. சோத்துல உப்பு. என்ட பிழைதான்" என்றார் ராத்தா.

"நான் என்ன செய்யிறகா? மாப்பிள்ள வீட்டாருக்கு வாக்குக் குடுத்துட்டன். எனக்கும் புள்ளதானே?" என்றார் காக்கா. அவர் அழுதார். பெரிய உருவம், வெள்ளைத் தொப்பி, தோட்டத்தின் நடுவில் நின்று அழுதார். ராத்தாதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த இடத்திலும் நான் இருந்தேன். "உப்பு இல்லை, நான்தான், இன்னொரு போகம் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் காக்கா இளகியிருப்பாரா என்று தெரியாது. வாக்குக் கொடுத்த மனுசன், இளகாமலும் இருந்திருக்கலாம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மழைக்கு முன் கிரவல் மண் வந்தது. ஏழு நாள் ட்ரெக்டர் போய் வந்தது. கத்தரிச் செடிகளைப் பிடுங்கக்கூட இல்லை, மேலேயே கொட்டினார்கள். ராத்தாவும் பிள்ளைகளும் சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வாடகைக்குப் போனார்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து. ராத்தா ஒரு தையல் கடைக்குப் பொத்தான் தைக்கப் போகிறார் என்று மனைவி சொன்னாள். மூத்தவள் படிப்பை விட்டுவிட்டாள் என்றும் சொன்னாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு ரோட்டால் சுற்றிப் போனேன்.

அடுத்த வருசம் எனக்கும் விசா வந்தது. இங்கே கட்டாரில் ஒரு பண்டசாலையில் பெட்டி தூக்கும் வேலை. பயணம் போகிறவர் சொந்தக்காரர், அயலவர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்லி, ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது வாய்ப்பாடம். என்ன பிழை என்று யாரும் விசாரிப்பதில்லை. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு, கடைசி நாள் பின்னேரம் அந்தப் பின்னறை வாசலுக்குப் போய் ஸலாம் சொன்னேன்.

மெலிந்திருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். பிள்ளைகளைப் பற்றி, என் பயணத்தைப் பற்றிக் கதைத்தோம். பிறகு வழக்கப்படி கேட்டேன்.

"ராத்தா, நான் அறிஞ்சும் அறியாமலும் ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்கோங்க."

"மன்னிச்சிட்டன் தம்பி. நீங்க என்னத்தச் செஞ்சீங்க? ஒங்களப் போல ஆரு எனக்குச் சுமந்தது? நீங்களும் என்ன மன்னிச்சிக்கோங்க."

அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். என்னால் முடியவில்லை. சொன்னேன். மாடு, போத்தல், வியாபாரி சொன்னது, எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சோற்றில் ஒரு பிழையும் இல்லை ராத்தா, உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. எதையோ எண்ணிப் பார்க்கிறவர் போல இருந்தார்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழம. நான் பொத்துவிலுக்குப் போறதுக்கு முந்தின நாள்."

விரலை மடித்தார். ஒன்று, இரண்டு.

"மத்தப் பாதிக்கு இனி ஒரு ஊத்தையும் போடப்படா, நல்ல தீன்தான் போடோணும்ண்டு, மிச்சமிருந்த ஒங்கட சாணியப் போட்டன். புதன்கிழம அஸருக்குப் புறகு" என்றார்.

மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அப்படியே இருந்தோம். பிறகு நான் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸலாம் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அதனால் சொன்னார்.